மைக்கை நீட்டும் முன் புத்தகத்தைப் படியுங்கள்

எங்கள் இணைய வானொலியின் முதல் நிகழ்ச்சியை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

செங்கல்பட்டில் ஒரு நண்பர் வீட்டு மாடி அறை. ஜன்னலை கம்பளியால் மூடி, ஃபேனை நிறுத்தி, வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தோம். ஒரு செல்போன், ஒரு காலர் மைக், அவ்வளவுதான் எங்கள் ஸ்டுடியோ. எதிரே நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் பெண் எழுத்தாளர். வயதில் என் அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். 40 நிமிடம் பேசினோம். நான் கேட்டது 11 கேள்விகள். அதில் 9 அவமானம் பற்றியவை. பள்ளியில் தனியாக உட்கார வைத்தார்களா, டீக்கடையில் தனி டம்ளர் இருந்ததா, ஊர்த் தெருவில் செருப்பு போட்டு நடக்க முடிந்ததா, அப்போது எப்படி உணர்ந்தீர்கள். அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார். ஓரிடத்தில் அவர் குரல் உடைந்தது. ‘நிகழ்ச்சி நல்லா வந்துடுச்சு’ என்று எனக்குள் ஒரு திருப்தி எழுந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரெக்கார்டிங்கை நிறுத்தியதும் அவர் கேட்டார்: “தம்பி, பொஸ்தகத்த எத்தினி பக்கம் படிச்சீங்க?”

“முழுசா படிச்சிட்டேன்க்கா” என்றேன். பொய். முன்னுரையும் முதல் 40 பக்கமும்தான் படித்திருந்தேன்.

“அதுல நடுவுல ஒரு கல்யாண வீடு வருதே. முப்பது பக்கம். அத எழுதறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. எவ்ளோ பேரு மைக்க வெச்சி என்னக் கேட்டுட்டாங்க, ஒருத்தர்கூட அந்தக் கல்யாணத்தக் கேக்கல. அழுவுறதுக்கு மட்டும்தான் எங்களக் கூப்புடுறீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அந்தப் பதிவை நாங்கள் ஒலிபரப்பவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னதால் அல்ல, மறுபடி கேட்டுப் பார்த்தபோது என் குரலை என்னாலேயே தாங்க முடியவில்லை.

இப்போது நம் தோழர்கள் பலர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், இரவுப் பாடசாலை நடத்தும் தம்பிகள், வாசகர் வட்டத் தங்கைகள். புத்தகம் எழுதியவர்களை அழைத்து இணையத்தில் பேச வைக்கிறார்கள். கையில் போன் இருந்தால் போதும், எந்த ஆசிரியர் குழுவிடமும் போய் நிற்க வேண்டாம் என்ற நிலை நம் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. எனக்குக் கிடைக்கிற எல்லாவற்றையும் பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன். கேட்கக் கேட்க ஒன்று உறுத்துகிறது. நான் அன்று செய்த தவறையே பலரும் செய்கிறார்கள், அதுவும் நம் பக்கத்து ஆட்களே நம் எழுத்தாளர்களிடம் செய்கிறார்கள்.

ஆதிக்கச் சாதி எழுத்தாளர் ஒருவரின் பேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், யாரைப் படித்து வளர்ந்தீர்கள், இந்தப் பாத்திரம் எப்படி உருவானது, எத்தனை முறை திருத்தினீர்கள் என்று கேள்விகள் போகும். அவரை யாரும் ‘உங்கள் சாதியில் பிறந்தது எப்படி இருந்தது’ என்று கேட்பதில்லை. (கேட்க வேண்டிய கேள்வி அது. யாராவது ஒருநாள் கேளுங்கள்.) தலித் எழுத்தாளர் வந்து உட்கார்ந்தால் மட்டும் கேள்வி மாறிவிடுகிறது. அவர் எழுதிய புத்தகம் மேசையில் மூடிக் கிடக்கும். அவர் பட்டதைச் சொல்ல வேண்டும். எழுத்தாளராக அழைத்துவிட்டு சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

சமூகவியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோபால் குரு 2002-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரையை நான் எம்.ஏ. படிக்கும்போது வகுப்பில் நடத்தினார்கள். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசுகிறவர்கள் ஒரு பக்கம், தரவு கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று ஒரு வருணப் பிரிவினை இருக்கிறது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. தலித்துகள் தங்கள் அனுபவத்தைக் கொட்டலாம், அதை வைத்துச் சிந்திப்பது வேறொருவர் வேலை. பரீட்சையில் இதை ஐந்து பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். சில வருடம் கழித்து மாடி அறையில் உட்கார்ந்து அதையே செய்தேன். படிப்பு மண்டையில் ஏறுவது ஒன்று, நாக்கில் ஏறுவது இன்னொன்று.

புத்தகத்தைப் படித்துவிட்டுக் கேட்டால் என்ன கிடைக்கும்? நம் கையில் இருக்கும் புத்தகங்களையே பார்ப்போம்.

ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-இல் வந்தது. அதில் வரும் காத்தமுத்து ஒரு தலித் தலைவர். ஆதிக்கச் சாதிக்காரர்களால் அடிபட்டு வந்த தங்கம் என்ற விதவைப் பெண்ணுக்காக வழக்கு நடத்துகிறவர். வீட்டுக்குள்ளோ இரண்டு மனைவிகளை அதட்டி உருட்டுகிறவர். நம் தலைவரை இப்படி எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த விவாதத்தைவிட எனக்கு அதிசயமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. 1997-இல் சிவகாமி தன் நாவலையே எடுத்து வைத்துக்கொண்டு, தான் எதை எழுதினேன், எதை விட்டேன், ஏன் அப்படி எழுதினேன் என்று விசாரிக்கும் ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற பிரதியை எழுதினார். தன் படைப்பைத் தானே கூண்டில் நிறுத்தினார். பிறகு ஆங்கிலத்துக்கும் தானே மொழிபெயர்த்தார், 2006-இல் இரண்டும் சேர்ந்து ஒரே நூலாக வந்தன. தமிழில் இப்படிச் செய்தவர்கள் எத்தனை பேர்? ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு இந்த ஒரு விஷயம் போதும். எட்டு வருடத்தில் உங்களுக்குள் என்ன மாறியது, ஆங்கிலத்தில் எழுதும்போது எந்த வாக்கியம் வர மறுத்தது, இன்று மூன்றாவது முறை எழுதினால் காத்தமுத்துவை என்ன செய்வீர்கள். அவரிடம் போய் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தபோது சாதிப் பாகுபாடு இருந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பட்டினி கிடப்பது மாதிரி.

பாமாவின் ‘கருக்கு’ 1992. தலித் தன்வரலாறு என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கதையைச் சொல்வார்கள்: கிராமம், படிப்பு, கன்னியர் மடம், வெளியேற்றம். புத்தகம் அந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வாழ்க்கை நேர்கோட்டில் போகவில்லை. ஊர், வேலை, விளையாட்டு, சாமி கும்பிடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதே வாழ்க்கைக்குள் திரும்பத் திரும்பப் போகிறார். மடத்தை விட்டு வந்தது ஒரு முறை சொல்லி முடிவதில்லை. ஏன் இப்படி? அந்தப் பேச்சு மொழியில் ஒரு முழுப் புத்தகத்தையும் எழுத வேண்டும் என்று எப்போது முடிவெடுத்தார்? புத்தகம் வந்ததும் சொந்த ஊர்க்காரர்களே கோபித்துக்கொண்டு, சில மாதங்கள் அவரை ஊருக்குள் வரவிடவில்லை. அந்த ஊர் பிறகு எப்படிச் சமாதானமானது, யார் யாருக்குப் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எழுத்துக்கும் வாசகருக்கும் நடுவே நடக்கும் பெரிய நாடகமே அதில் இருக்கிறது.

இமையம் இன்னொரு ரகம். ‘தலித் எழுத்தாளர்’ என்ற அடையாளத்தையே ஏற்காதவர். 1994-இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணார் பெண், சேரி மக்களின் துணியை வெளுத்து, வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கிறாள். அதாவது நம் தெருவுக்கும் கீழே ஒரு தெரு இருக்கிறது என்று நம் முகத்துக்கு நேரே காட்டிய நாவல். அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி நம்மையே குத்தும். கேட்போமா? ஆரோக்கியத்தின் ஒப்பாரியை அப்படி எழுதுவதற்கு எத்தனை சாவு வீடுகளில் உட்கார்ந்து கேட்டிருப்பார்?

அண்ணல் அம்பேத்கரிடம் வானொலிக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்று ஒரு நாள் தேடிப் பார்த்தேன். 1954 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியில் அவர் பேசியது தன் தனிப்பட்ட தத்துவம் பற்றி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து கடன் வாங்கவில்லை, தன் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று அதில் சொன்னார். அடுத்த வருடம் பிபிசி அவரிடம் காந்தியைப் பற்றிக் கேட்டது. அந்த ஒலிப்பதிவு இன்று இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. கேட்காதவர்கள் இன்றிரவே கேளுங்கள். காந்தியை எதிராளியாகவே சந்தித்தவன் என்பதால் மற்றவர்களைவிட அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்கிறார். காந்தி ஆங்கிலப் பத்திரிகையில் எழுதியதையும் குஜராத்திப் பத்திரிகையில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு வேறு மனிதர்கள் தெரிவார்கள் என்கிறார். பாருங்கள், அவர் அங்கே ஒரு வாசகராகப் பேசுகிறார். இரண்டு மொழிப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்த விமர்சகராகப் பேசுகிறார். 1956 மே மாதம் மறுபடி பிபிசி. அப்போது கேட்டது பௌத்தம் ஏன் பிடிக்கும் என்று.

அவருக்குச் சொல்ல வலி இல்லாமலா போயிற்று? மசூர் ரயில் நிலையத்தில் மாட்டு வண்டி கிடைக்காமல் சின்னப் பையனாக அவர் நின்ற கதை நமக்கு எப்படித் தெரியும்? ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று அவரே எழுதி வைத்ததால் தெரியும். 1930-களில் எழுதியது, அவர் மறைந்த பிறகு 1990-இல்தான் தனி வெளியீடாக வந்தது. வலியைப் பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எப்போது, எந்த வடிவத்தில், யாரிடம் சொல்வது என்பதை அந்த மனிதர் முடிவு செய்ய வேண்டும். மைக்கைப் பிடித்திருப்பவர் கறந்தெடுக்கக் கூடாது.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது கூடுதலாகப் புரிய வேண்டும். நம்மைப் பற்றி எழுதப்பட்ட மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று இந்த மாவட்டத்தில்தான் உருவானது. 1891-இல் கலெக்டர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக 1892-இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. அந்த வெள்ளைக்காரர் நல்லது செய்தார், நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அந்த அறிக்கையில் நாம் பேசவில்லை, நம்மைப் பற்றிப் பேசப்பட்டது. அரசாணைக்கு அடுத்த வருடம், 1893-இல், இதே மாவட்டத்தின் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தூக்கி முகப்பில் வைத்து, தலையங்கம் எழுத உட்கார்ந்தார். விவரிக்கப்பட்டவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு 1939-இல் தன் வாழ்க்கையை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று எழுதினார். வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்த மனிதர் தன் ஜீவியத்தை இவ்வளவு சிக்கனமாக ஏன் சுருக்கினார் என்பது என்னை ரொம்ப நாளாக அரிக்கும் கேள்வி. அவரை மைக் முன் உட்கார வைக்க முடிந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

1994 அக்டோபர் 10-ஐ நம் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வீரவணக்கம் செலுத்துகிறோம். போராட்டத்தில் நின்றவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைப் பதிவு செய்யப் போகிற தம்பிகள் எல்லோரும் துப்பாக்கிச் சூட்டைக் கேட்கிறார்கள், ரத்தத்தைக் கேட்கிறார்கள். எந்த சர்வே எண் யார் பெயரில் இருந்தது, பழைய பதிவேட்டை எந்த அலுவலகத்தில் எப்படி எடுத்தீர்கள், மனுவை யார் எழுதினார்கள், துண்டறிக்கையில் முதல் வரி என்ன என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், ஒரு நல்ல துண்டறிக்கை எழுதியவரும் நூலாசிரியர்தான். அட்டை போட்ட புத்தகம் இல்லை என்பதற்காக அவரை நம் நிகழ்ச்சிக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டும் ப்ளாட்டும் போட்டுக்கொண்டே போகிற இந்தக் காலத்தில், நிலம் எப்படிக் கைமாறியது, எப்படித் திருப்பிக் கேட்டார்கள் என்ற அந்த அறிவு கண்ணீரைவிட அவசரமாக நமக்குத் தேவை.

மாமல்லபுரத்தில் நடந்தது நினைவிருக்கும். 2021-இல் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து துரத்தப்பட்டதை ஒரு நரிக்குறவர் பெண் கேமரா முன்னால் தெளிவாக, கோபமாகச் சொன்னார். காணொளி பரவியது. அமைச்சர் வந்து அதே கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வருடத் தீபாவளி அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழ்களும் கொடுத்தார். ஒரு போனும் ஒரு குரலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் உதாரணம். அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சை இன்னொரு முறை கேளுங்கள். என்னமாய் வாதம் செய்கிறார்! அடுக்கடுக்காகக் கேள்வி வைக்கிறார், படிப்பைப் பற்றிப் பேசுகிறார், தன் பிள்ளைகள் தலைமுறையைப் பற்றிப் பேசுகிறார். பார்த்த நம்மில் எத்தனை பேருக்கு அந்த வாதம் நினைவிருக்கிறது? ‘பாவம், சாப்பாட்டுப் பந்தியில் துரத்திட்டாங்க’ என்பதுதான் மிச்சம்.

இரண்டு எதிர்ப்புகள் வரும், எனக்கே வந்தவை.

முதலாவது: ‘வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலக்கிறார்கள், நீ நாவலின் வடிவத்தைப் பேசிக்கொண்டிருக்கிறாயா?’ நியாயமான கோபம். வேங்கைவயல் மாதிரி நடந்தால் அன்றே மைக்கை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நடந்ததை நடந்தபடி, பாதிக்கப்பட்டவர்கள் வாயாலேயே பதிவு செய்ய வேண்டும். அது ஒரு வேலை. அதற்குத் தனி ஒழுங்கு, தனி நிகழ்ச்சி. எழுத்தாளரை அழைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் குழப்பினால் இரண்டும் கெட்டுப் போகும். வன்கொடுமை நடக்கும்போது அனுதாபக் கதையாகவும், புத்தகம் வரும்போது வன்கொடுமைக் கதையாகவும் ஆகிவிடும்.

இரண்டாவது: ‘அழுதால்தான் கேட்கிறார்கள், பகிர்கிறார்கள்.’ உண்மை. எங்கள் நிகழ்ச்சியிலும் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசியவற்றைக் கேட்டவர்கள் கம்மி. ஆனால் அவர்களில்தான் புத்தகத்தை வாங்கியவர்கள் இருந்தார்கள். மற்ற நிகழ்ச்சிகளைக் கேட்டவர்கள் ஹார்ட்டின் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி எழுத்துகளை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கியது. கூடவே மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யையும். வகுப்பறையிலிருந்து பிரதியை எடுத்துவிட்டால் பிறகு மாணவர் எங்கே போய் அதைப் படிப்பது எப்படி என்று கற்றுக்கொள்வார்? நம் நிகழ்ச்சிகள்தான் அந்த வகுப்பறையாக இருக்க வேண்டும். நாமும் அங்கே வலியை மட்டும் பரிமாறினால், எடுத்தவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இதற்கு நேர் எதிர்ப் பள்ளம் ஒன்றும் இருக்கிறது. ‘நம்ம ஆளு’ என்று புகழ்ந்து தள்ளுவது. நல்லா இல்லாத அத்தியாயத்தை நல்லா இல்லை என்று சொல்லாமல் இருப்பதும் ஒரு வகைத் தீண்டாமைதான். இவருக்கு விமர்சனம் தாங்காது, இவர் எழுதியதே பெரிது என்ற இளக்காரம் அதில் ஒளிந்திருக்கிறது. ஒரு கவிஞரிடம் “இரண்டாவது தொகுப்பில் முதல் தொகுப்பையே திரும்ப எழுதிவிட்டீர்களோ?” என்று நான் கேட்டபோது என் குழுவில் இருந்த தங்கை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கவிஞர் சிரித்துவிட்டு 15 நிமிடம் பேசினார். அன்றைக்குப் பேசியதில் உருப்படியான 15 நிமிடம் அதுதான்.

தெலங்கானாவில் சங்கம் ரேடியோ என்று ஒன்று இருக்கிறது. ஜஹீராபாத் பக்கம் மச்னூர் கிராமம். 2008 அக்டோபர் 15 முதல் தலித் பெண்களே நடத்தும் சமுதாய வானொலி. நரசம்மா என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள்தான் அதன் தூண்கள். விதை, சிறுதானியம், வைத்தியம், பாட்டு என்று தங்கள் மக்களுக்குத் தெரிந்ததைத் தங்கள் பேச்சில் பேசுகிறார்கள். அங்கே அந்தப் பெண்கள் அறிவுள்ளவர்கள், நிபுணர்கள். பாவப்பட்டவர்களாக யாரும் மைக் முன் வந்து நிற்பதில்லை. அதிலிருந்து நாங்கள் நிறையக் கற்றோம். சமுதாய வானொலி உரிமம் வாங்குவது நம்மைப் போன்ற நாலு பேருக்கு நடக்கிற காரியம் இல்லை. கல்வி நிறுவனங்களுக்கு 2002-இலும் தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இலும்தான் அனுமதியே வந்தது, சொந்தமாகச் செய்தி சொல்லவும் கூடாது. ஆகவே இணையம்.

எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைக் குழுவில் மூன்று பேர் முழுசாகப் படிக்காமல் ஆசிரியருக்குப் போன் போடுவதில்லை. அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஆண்கள் தாண்டிப் போகும் பக்கங்களில் அவர்கள் நிற்கிறார்கள். முதல் 20 நிமிடம் புத்தகத்துக்கு வெளியே போகக் கூடாது. ஆசிரியரையே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்கிறோம். எந்தப் பக்கம் என்பது அவர் விருப்பம், அதில் தெரிந்துவிடும் அவருக்கு எது முக்கியம் என்று. சொந்த வாழ்க்கையை அவர் எடுத்தால் பேசுவோம், நாங்களாக எடுப்பதில்லை. நேரலை கிடையாது. பதிவை முதலில் அவர் கேட்டு, வேண்டாம் என்கிற இடத்தை வெட்டச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் வெட்டுகிறோம். அவர் ஊருக்குத் திரும்பிப் போய் அதே தெருவில் வாழ வேண்டியவர், நாம் லிங்க்கைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். பெண் எழுத்தாளர்களின் ஊர், வேலை செய்யும் இடம் எதையும் சொல்வதில்லை. ஒருமுறை சொல்லிவிட்டு, அவருக்கு வந்த அழைப்புகளைப் பார்த்து நொந்து போனோம்.

பணம். இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம். ‘நம்ம இயக்கம்தானே, நம்ம ஆளுதானே’ என்று சும்மாவே வரச் சொல்கிறோம். கூலி கொடுக்காத வேலைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் வெட்டி. நாங்கள் ஐந்து பேர் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வருகிறவருக்குப் பயணச் செலவும் ஒரு சிறு தொகையும் கவரில் வைத்துக் கொடுக்கிறோம். சிலர் வாங்க மறுப்பார்கள். வற்புறுத்திக் கொடுத்துவிடுகிறோம்.

தொழில்நுட்பம் பெரிய விஷயமே இல்லை. 40 நிமிடப் பேச்சை மோனோவில் 48 கேபிபிஎஸ் அளவுக்கு இறக்கினால் 14 எம்பி சொச்சம்தான் வரும். சிக்னல் விட்டு விட்டு வரும் கிராமத்திலும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிடும். லைவ் ஸ்ட்ரீமில் கேட்பவர்களைவிட இப்படி வாங்கி, சமைத்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் கேட்பவர்கள் எங்களுக்கு அதிகம். கடற்கரையில் மட்டும் ரெக்கார்டு செய்யாதீர்கள், படத்துக்கு நன்றாக இருக்கும், காதுக்கு வெறும் காற்றுதான் கிடைக்கும். சவுக்குத் தோப்பும் அப்படித்தான்.

அந்த அக்காவிடம் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி போகத் தைரியம் வந்தது. நாவலை இரண்டு முறை படித்திருந்தேன். கல்யாண வீட்டுப் பகுதியில் பென்சிலால் நிறையக் கோடு போட்டிருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தோம். முதல் கேள்வி: “அந்த முப்பது பக்கத்துல மாப்பிள்ளை ஒரு வார்த்தைகூடப் பேசலியே, ஏன்க்கா?”

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “கண்டுபுட்ச்சிட்டியா!” என்றார். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. முதலில் மாப்பிள்ளைக்குப் பெரிய வசனம் எழுதியது, அடித்தது, பந்தியில் யார் யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று ஒரு நோட்டில் படம் போட்டு வைத்தது, சமையல்காரர்களின் கேலிப் பேச்சுக்காக மூன்று கல்யாணங்களில் அழைப்பில்லாமலே அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தது, ஒரு கிழவி பாடும் நலங்குப் பாட்டை யாரிடமும் கேட்காமல் தானே கட்டியது. அந்த நோட்டை உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். பந்தியில் ஒரு இலைக்கு மட்டும் பெயர் எழுதாமல் வட்டம் போட்டிருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தபோது என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வீட்டிலும் கரண்ட் இல்லை.

மீதியை வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பதிவு செய்கிறோம். இந்த முறை இரண்டு பவர் பேங்க்.